நீ கழட்டச் சொன்ன மூக்குத்தி

தேவராஜு, அம்மா எழுதுகிறேன். இங்கே புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. உடம்பு இருக்கிறபடி இருக்கிறது. டேனரிக் கழிவு இறங்கி, கிணற்றுத் தண்ணீர் இன்னும் சிவப்பாகத்தான் வருகிறது. நீ காட்பாடியில் சுகமாக இருப்பாய். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் படித்தவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. லீலாவுக்குப் படித்துக் காட்டு. சுகந்திக்குக் காட்டு. உன் சபைப் பாஸ்டர் கேட்டால் அவர் கையிலும் கொடு. அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன் இல்லையா, அதற்குப் பதில் இது.

நீ வந்தது ஞாயிற்றுக்கிழமை, மதியம். லீலாவும் வந்தாள். குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாய், இன்னொரு கரண்டி கேட்டாய். கை கழுவிக்கொண்டு வந்து, "ம்மா, சுகந்திக்கு முடிவாயிடுச்சி. குடியாத்தத்துப் பையன். நம்ம சபைதான்" என்றாய். நல்லது என்றேன். தாலி இன்னா மாதிரி செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "தாலி இல்லம்மா. சபையில கெடையாது. மோதிரமும் இல்ல. வேதத்தைக் கையில வாங்கிக்குவாங்க, ஜெபம் பண்ணுவாங்க, அவ்ளோதான்" என்றாய். சரி, உன் பெண், உன் சபை. அதோடு எழுந்திருப்பாய் என்று பார்த்தேன். நீ எழுந்திருக்கவில்லை. பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய்: "இன்னொண்ணும்மா. ஜெபம் பண்ணும்போது குடும்பத்தார் பொண்ணுகூட முன்னால நிக்கணும். நகை போட்டவங்க முன்னால வரக் கூடாது. நீ கழட்டிட்டு வந்தா அவ பக்கத்துல நிக்கலாம். இல்லன்னா பின்னால, வெளி ஜனங்களோட உக்காந்துக்கலாம். உன் இஷ்டம்." வேதத்தை எடுத்து, பெண்கள் பொன் போடக் கூடாது என்கிற இடத்தில் விரலை வைத்தும் காட்டினாய். லீலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னிடம் இருப்பது என்ன? காதில் இருப்பது கவரிங் கம்மல், ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கினது, அதை இப்போதே வேண்டுமானாலும் எடுத்துவிடுவேன். நீ சொன்னது மூக்குத்தியை. அது உனக்கும் தெரியும், அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் கோரையைப் பார்த்துச் சொன்னாய்.

நீ போன பிறகு கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. டேனரியில் வேலை செய்த காலத்தில், மழை நாட்களில் ஈரத்தோலைப் பிரித்துப் பிரித்து விரல் செத்துப்போகும். கத்தி பட்டால் தெரியாது. தோலின்மேல் ரத்தத்தைப் பார்த்துத்தான் கத்தி பட்டது தெரியும். இப்போது அந்த மாதிரி இருக்கிறது. பட்டிருக்கிறது என்று தெரிகிறது. எங்கே என்று தெரியவில்லை.

அடுத்த வீட்டு ரஹீமா பீடி முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். அவளைத் தெரியும் உனக்கு, சின்ன வயசில் உன்னைத் துரத்தி அடித்திருக்கிறாள். "இன்னாக்கா, புள்ள வந்துட்டுப் போனான், மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்றாள். சொன்னேன். பீடி சுற்றுகிற கை நிற்கவே இல்லை அவளுக்கு. "அரே அல்லா. மூக்குத்தி போட்டா சொர்க்கத்துல கேட்டை சாத்திடுவாங்களா?" அப்படித்தான் போல என்றேன். "அப்ப எங்க நானி, அம்மா, சித்தி, அல்லாரும் வெளியதான் நிப்பாங்க. பரவால்லக்கா, நீயும் வந்துடு. வெளிய கூட்டம் ஜாஸ்தி, பேச்சுத் துணைக்குக் கம்மியில்ல" என்றாள். தன் கழுத்துக் கருகமணியைத் தொட்டுக்கொண்டே சொன்னாள். நான் சிரித்தேன். சிரிப்பு வாயில் மட்டும் வந்தது.

நகை என்றால் மினுக்குவதற்கு என்று உன் பாஸ்டர் நினைக்கிறார். அவர் நல்ல வீட்டில் பிறந்திருப்பார். நம் வீட்டில் நகை எப்படி வந்தது என்று நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. கேட்கிற வயசில் நீ ஓடிக்கொண்டிருந்தாய், அப்புறம் குடித்துக்கொண்டிருந்தாய், இப்போது ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறாய். இப்போது சொல்கிறேன்.

என் அம்மா பிறந்தது திமிரிக்குப் பக்கம். அந்த ஊரில் சேரிப் பெண்கள் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். பித்தளை போடலாம். ஈயம் போடலாம். கழுத்தில் பாசிமணி. காதில் பனையோலையைச் சுருட்டி வைக்கலாம், காய்ந்து உதிர்ந்தால் வேறு ஓலை. பொன் கூடாது. பொன் வாங்கப் பணம் இல்லை என்பது வேறு விஷயம். இருந்தாலும் கூடாது. என் அம்மாவின் கல்யாணத்தில் தாலி என்று கட்டியது ஒரு விரலி மஞ்சள், நூலில் சுற்றி. மேல்தெருவில் ஒரு குழந்தை பிறந்தால் அரைஞாணிலிருந்து காது வரைக்கும் பொன் ஏறும். அதைப் பார்த்தாலே தெரியும், இது யார் வீட்டுக் குழந்தை, எட்டி நிற்கலாமா கிட்ட வரலாமா என்று. நகை என்றால் அங்கே அழகு இல்லை, அடையாளம். மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடிக்கிற மாதிரி. எங்களுக்கு வர்ணம் அடிக்காமல் விட்டதும் ஓர் அடையாளம்தான்.

அப்புறம் பஞ்சம் வந்து, என் அம்மாவும் அப்பாவும் பேரணாம்பட்டுக்கு வந்தார்கள். இங்கே தோலில் கை வைக்க வேறு ஆள் கிடையாது. நாற்றம் என்று மற்றவன் மூக்கைப் பிடித்தால் நமக்கு வேலை. தோல் பதனிட அம்மா ஆவாரம்பட்டை இடித்தாள். இங்கேதான் ஞானஸ்நானம் வாங்கினார்கள். கையில் காசு நின்றதும் என் அம்மா முதலில் செய்தது என்ன தெரியுமா? பத்தரிடம் போய் ஒரு மூக்குத்தி செய்யச் சொன்னாள். மிளகு அளவு. கல் கூட இல்லை. பத்தர் செய்தார், காசை வாங்கிக்கொண்டார், மூக்குத்தியைப் பூவரச இலையில் வைத்துத் தள்ளினார். மூக்குக் குத்துகிறது பத்தர் வேலை. அந்தக் காலத்தில் அவரேதான் குத்திப் போட்டுவிடுவார். இவர் மாட்டேன் என்றார். "செய்றதுதான் என் வேல. குத்தறதுக்கு வேற ஆளப் பாரு." தொட வேண்டுமே, அதனால். அம்மா வீட்டுக்கு வந்து, உடைந்த கண்ணாடித் துண்டை மாடத்தில் சாய்த்து வைத்து, எலுமிச்சை முள்ளை எடுத்துத் தானே குத்திக்கொண்டாள். தனக்குத்தானே குத்தினால் கை மேலே போய்விடும். அதனால் ஓட்டை இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே விழுந்துவிட்டது. எனக்கும் அவள்தான் குத்தினாள், அதே உயரத்தில். அவளுக்கு அதுதான் சரியான இடம் என்று ஆகிவிட்டது. நம் வீட்டுப் பெண்களின் மூக்குத்தி மட்டும் ஏன் மேலே இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் லீலா கேட்டாளே, காரணம் இதுதான். அதற்கு அப்புறம் நம் வீட்டில் பெண்களுக்கு மூக்குக் குத்துவது வீட்டுப் பெரியவள்தான். பத்தரிடம் போவதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயசு இருக்கும். அம்மாவின் அண்ணன் செத்துப்போனார் என்று ஆள் வந்தது. திமிரிப் பக்கம் போனோம். இழவு வீட்டில் இருந்து தண்ணீருக்குப் போகும்போது மணியக்காரர் வீட்டு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வீட்டம்மா பார்த்துவிட்டாள். பெயர் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன், என் எழுத்தில் அவள் பெயர் வரத் தேவையில்லை. "ஏய், இங்க வா. இன்னாடி அது மூக்குல மின்னுது?" என்றாள். அம்மா, "மூக்குத்திம்மா" என்றாள். "தோல் ஷாப்புக்குப் போனா பொன்னு காய்க்குதா? கழட்டு." வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடிக்கவில்லை, கத்தவில்லை. கழட்டு என்ற ஒரு சொல்தான். சுற்றி நம்ம ஆட்களும் நின்றார்கள், அவர்கள் ஆட்களும் நின்றார்கள். என் அம்மா திரும்பி நின்று கழட்டினாள். மடியில் முடிந்தால் பிடுங்கிக்கொள்வாள் என்று நினைத்தாளோ என்னவோ, வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். இழவு முடிகிற வரைக்கும் யாரோடும் பேசவில்லை. வாயில் இருக்கிறதே, எப்படிப் பேசுவாள். செத்தவருக்கு வாய்விட்டு அழக்கூட இல்லை. அண்ணனுக்கு அழாத தங்கச்சி என்று இன்றைக்கு வரைக்கும் அந்தப் பக்கத்து உறவில் பேசுகிறார்கள். பேசட்டும். எனக்குத் தெரியும் ஏன் அழவில்லை என்று.

ஆற்காட்டுக்கு நடந்து வந்து பாலாற்று மணலில் இறங்கின பிறகுதான் துப்பிக் கையில் எடுத்தாள். ஊற்றில் கழுவி மறுபடியும் போட்டுக்கொண்டாள். அவசரத்தில் கழட்டினதால் உள்ளே கிழிந்திருந்தது, ரத்தம் காய்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "இன்னா பாக்கறே? நட, இருட்டிடும்" என்றாள். அந்த ஊருக்கு அவள் மறுபடி போகவே இல்லை.

என் கல்யாணத்தன்று அந்த மூக்குத்தியைத்தான் எனக்குப் போட்டுவிட்டாள். தன் மூக்கில் விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துச் சொருகிக்கொண்டாள். ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று. சாகிற வரைக்கும் குச்சிதான். பொன் இல்லாமல் போனாலும் போட்டுக்கொள்கிற இடம் என்னுடையது என்ற மாதிரி. உனக்கும் அந்தக் குச்சி ஞாபகம் இருக்கும், சின்னப் பிள்ளையில் இழுத்து விளையாடுவாய்.

அதற்காக நான் நகை நகை என்று திரிந்தவள் இல்லை. டேனரியில் வெள்ளி போட்டுக்கொண்டு சுண்ணாம்புக் குழிப் பக்கம் போனால் ஒரே நாளில் கரிக்கட்டை ஆகிவிடும். முடி எடுக்கப் போடுகிற மருந்து அப்படி. கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் காலையில் கழட்டி முந்தானையில் முடிந்துகொள்வோம், சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து போட்டுக்கொள்வோம். அப்போதுதான் ஒருத்தியை ஒருத்தி கிண்டல் பண்ணுகிற நேரம். "மேஸ்திரி பாக்கறாரு, நல்லா ஆட்டிக் காட்டு" என்பார்கள். சுகந்தி நர்ஸ் வேலையில் டூட்டிக்குப் போகும்போது கழட்டினாள் என்றால் அதுவும் அப்படித்தான். வேலைக்காகக் கழட்டுவது வேறு. அதில் மறுபடியும் போட்டுக்கொள்வது உண்டு. இன்னொருத்தர் சொல்லிக் கழட்டுவது வேறு.

அந்த மூக்குத்தியை இரண்டாவது தடவை கழட்டு என்று சொன்னது உன் பெரிய அத்தை, என்னிடம். எமர்ஜென்சி வருஷம் உன் அப்பா போனபோது. பெட்டிக்குள் வைத்துவிட்டோம், பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள், உன் அத்தை என் தோளைப் பிடித்து, "தாலியும் மூக்குத்தியும் கழட்டிட்டு உக்காரு. பூ, பொட்டு, மூக்குத்தி அல்லாம் அவனோட போச்சி" என்றாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், வேதம் வாசிக்கிறவள், அவள் வாயில் அது வருகிறது. நான் தாலியைக் கழட்டிக் கொடுத்தேன். "இது அவரு கட்டினது, அவரோட போவட்டும். மூக்குத்தி எங்கம்மா குத்தினது. அது போவாது" என்றேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இப்படிப் பேசினேன் என்று அவள் பன்னிரண்டு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

நீ அப்போது என் பக்கம் நின்றாய். அதையும் நான் மறக்கவில்லை. "வுடு அத்தே, அவங்க மூக்கு, உனக்கு இன்னா பேஜாரு?" என்றாய். சுகந்திக்கு நான் மூக்குக் குத்தினபோது நீ எப்படி இருந்தாய் என்று யோசித்துப் பார். அவள் கத்துகிறாள், லீலா கண்ணை மூடிக்கொண்டாள், நீ மட்டும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "ம்மா, உன் கை சுத்தமா இருக்குது, தெரு எருமைக்கெல்லாம் குத்திவுட்டா நல்லா சம்பாதிக்கலாம்" என்றாய். அவள் அழுதுகொண்டே சிரித்தாள், அந்த நேரத்தில் முள் உள்ளே போய்விட்டது. நீ அப்படிப்பட்டவன்தான். அதனால்தான் எழுதுகிறேன். வேறு ஒருவனாக இருந்தால் எழுத மாட்டேன்.

லீலா, இனிமேல் எழுதப்போவது உன்னைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதே.

சாராயக் கடையை மறுபடி திறந்த வருஷம். லீலா சுகந்தியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் இங்கே வந்தாள். முந்தானையால் தலையைச் சுற்றியிருந்தாள், வெயிலுக்கு என்று நினைத்தேன். எடுத்தால் இடது காது கீழே இரண்டாகத் தொங்குகிறது. கம்மல் இல்லை. யார் இழுத்தது என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தையல் போட்ட நர்ஸம்மா, "இன்னாம்மா ஆச்சி?" என்றாள். லீலா, "மாடு முட்டிடுச்சிங்க" என்றாள். நர்ஸம்மா ஊசியை நிறுத்தி அவளைப் பார்த்தாள். "மாடு கம்மலையா முட்டிச்சி?"  நான் லீலாவின் தலையைப் பிடித்துக்கொண்டேன். சுகந்தி கதவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அந்தச் சபைக்குப் போனாய். குடியை விட்டாய். இதை நான் எங்கேயும் இல்லை என்று சொல்ல மாட்டேன். நம்ம மிஷன் கோயில் போதகர் ஐயா எத்தனையோ தடவை உன்னிடம் வந்து பேசிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார், ஒன்றும் நடக்கவில்லை. இவர்கள் உன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், ராத்திரி பகல் என்று பார்க்காமல், நீ வாந்தி எடுத்தால் அள்ளினார்கள். அவர்களுக்கு நன்றி. அந்தப் பாஸ்டருக்கும் நன்றி, அதைப் படித்துக் காட்டு. ஞானஸ்நானம் வாங்கின நாளில் லீலா தாலி, கம்மல், வளையல் எல்லாவற்றையும் கழட்டினாள். விசுவாசம் என்று சபையில் சாட்சி சொன்னார்கள். நான் அடுத்த தடவை வந்தபோது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம், ஏன்மா எல்லாத்தையும் கழட்டிட்டே என்று கேட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "இப்ப பிடிச்சி இழுக்க ஒண்ணும் இல்ல அத்தே."

அவ்வளவுதான் சொன்னாள். அதில் விசுவாசமும் இருக்கலாம். எனக்கு அளந்து பார்க்கத் தெரியாது. ஆனால் நகை போட்ட பெண்ணைப் பற்றிப் பேச உங்கள் சபையில் எழுந்து நிற்கிற ஆண்களில் நீயும் ஒருவன் என்று கேள்விப்பட்டேன். நன்றாகப் பேசுகிறாயாம். பேசு. ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன், பெற்றவள் என்பதால். ஒருத்தர் உடம்பில் இருப்பதைக் கழட்டு என்று சொல்வதற்கு முன்னால், அது அங்கே எப்படி ஏறியது என்று கேள். ஏறினதற்கு ஒரு கதை இருக்கும். இறங்கினதற்கும் இருக்கும்.

போன வாரம் சுகந்தி தனியாக வந்தாள். உனக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தாளா தெரியாது. மதியம் வந்தாள், நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சோறு போட்டேன். "ஆயா, கோவமா?" என்றாள். இல்லை என்றேன். "பொய் சொல்றே." "பொய் இல்ல. ஒண்ணுமே தோணல." அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் கேட்டேன், உனக்குத் தாலி வேண்டும் என்று இருக்கிறதா, என்னிடம் சொல்லு, உன் அப்பனிடம் நான் பேசுகிறேன் என்று. "இல்ல ஆயா. நெசமாத்தான். முன்ன டூட்டில கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி பேஜாரு. மொத்தமா கழட்டினப்புறம் காது லேசா இருக்குது. எனக்கு இப்டியே புடிச்சிருக்குது" என்றாள். பொய் இல்லை, அவள் முகத்தில் பொய் நிற்காது. மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். தூர்ந்துபோய் கடுகு மாதிரி ஒரு புள்ளி இருக்கிறது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் மூக்கு அவளுடையது. போடு என்று கட்டாயப்படுத்தினால் நானும் அந்த மணியக்காரர் வீட்டம்மா மாதிரிதான்.

ஆனால் அவள் வந்தது அதற்கு இல்லை. "நீ முன்னால வந்து நில்லு ஆயா" என்றாள். "அந்தப் பக்கம் அவங்க ஜனம் மொத்தமும் நிக்கும். அவங்க எல்லாருமே சபை. நம்ம பக்கத்துல பெரியம்மா, சித்தி, மாமா வூட்டுக்காரங்க எல்லாரும் நகை போட்டவங்க, பின்னாலதான் உக்காருவாங்க. என் பக்கத்துல அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். நீயாவது வா. ஒரு நாளுக்குத்தானே?" நான், "நீ பயப்படறியா?" என்றேன். "அவரு நல்லவருதான் ஆயா" என்றாள். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது. எந்தப் பெண்ணும் அந்த நேரத்தில் தன் பக்கத்தில் ஒரு கிழவி நிற்க வேண்டும் என்று நினைப்பாள். அந்தப் பக்கத்து ஜனம் பார்க்கட்டும், இவளுக்கும் ஆள் இருக்கிறது, இவள் காதைப் பிடித்து இழுத்தால் கேட்க ஒருத்தி இருக்கிறாள் என்று. அதற்குத்தான் முன்னால் நிற்பது. ஜெபம் பின்னால் உட்கார்ந்தாலும் கேட்கும்.

அதனால் பதில் இதுதான், தேவராஜு. நான் வருகிறேன். முன்னால் நிற்கிறேன். கவரிங் கம்மலைப் பஸ்ஸிலேயே எடுத்துவிடுவேன். மூக்குத்தியை என் கையால் கழட்ட மாட்டேன். கல்யாணத்தன்று காலையில், ஜனம் எல்லாம் வந்து சேர்ந்ததும், சபை வாசலில் ஒரு நாற்காலி போடச் சொல். நான் உட்காருகிறேன். நீ வந்து கழட்டு. லீலா வேண்டாம், அவள் செய்துவிடுவாள், அவளுக்கு எல்லாம் பழகிவிட்டது. சுகந்தி வேண்டாம். பாஸ்டர் வேண்டாம். உள்ளே அறையில் வைத்தும் வேண்டாம். வாசலில், நீ.

எப்படிக் கழட்டுவது என்று சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரியாது. திருகாணி மூக்குக்கு உள்ளே இருக்கிறது. உள்ளே விரலை விட வேண்டும், கூச்சப்படாதே, உன் மூக்கை நான் எத்தனை வருஷம் சிந்திவிட்டிருக்கிறேன். ஒரு கையால் வெளியே இருக்கிற பொட்டை அசையாமல் பிடித்துக்கொள். அதை இழுக்கக் கூடாது. உள்ளே திருகை மெதுவாகத் திருப்பு. வருஷக்கணக்காகத் திறக்காதது, முதலில் நகராது. தேங்காயெண்ணெய் கொண்டுவருகிறேன், இரண்டு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் பொறு. அந்த நேரத்தில் பேசாதே, வேதத்தில் இருக்கிறது ஒன்றும் சொல்லாதே, எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிரு. கண்ணில் தண்ணீர் வரும். அது அழுகை இல்லை, மூக்கைத் தொட்டால் யாருக்கும் வரும், அதற்காக நிறுத்தாதே. கை நடுங்கினால் நிறுத்திவிடு. நிறுத்தினால் நான் எழுந்து போய்ப் பின்னால் வெளி ஜனங்களோடு உட்கார்ந்துகொள்கிறேன், ஆயா ஏன் வரவில்லை என்று சுகந்திக்கு நீயே சொல்லிக்கொள். கழட்டி முடித்தால் அதை என் உள்ளங்கையில் வை, காணிக்கைப் பெட்டி பக்கம் கொண்டுபோகாதே. நான் உள்ளே போய் அவள் பக்கத்தில் நிற்கிறேன்.

வரும்போது கையைக் கழுவிக்கொண்டு வா.

அம்மா